பேசின் பிரிட்ஜ் டு பாரிஸ்... ரிட்டர்ன் டிக்கெட்!

'பி.ஏ. எகனாமிக்ஸா? ஏம்ப்பா, வேற குரூப் எதுவும் கிடைக்கலையா?'

கல்யாண வீட்டில் ஆரம்பித்து கண்டக்டர் வரைக்கும் கேட்கிற இந்தக் கேள்வியால் நொந்து நூடுல்ஸ் ஆன அத்தனை பேருக்கும் இந்தக் கட்டுரை சமர்ப்பணம்!

ரயிலில் சென்னை வந்தவர்களுக்கு அந்தக் கொடுமை தெரியும். சென்ட்ரலுக்கு இன்னும் ரெண்டே கிலோமீட்டர். பெட்டியை இறக்கியாச்சு, செருப்பை மாட்டியாச்சு, கதவுப் பக்கம் வந்து நின்னாச்சு. கரெக்டா அப்பத்தான் 'க்ரீச்' என்று நிற்கும் வண்டி. பேசின் பிரிட்ஜ்! சிக்னல் விழுகிற வரை ஜன்னல்தான் ஒரே டி.வி. கறுப்பாகக் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாய், வரிசையாகத் தண்டவாளங்கள், ஒரு பக்கம் புளியந்தோப்பு, இன்னொரு பக்கம் மூலக்கொத்தளம், ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள். நாம மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மொபைலில் மூழ்கிடுவோம்.

அந்த ஜன்னலைப் பார்த்து, 'ஏன் இந்த இடம் இப்படி இருக்கு? எப்படி மாறும்? மாறினா யாருக்கு லாபம்?' என்று கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் உண்டு. அவங்களுக்குப் பெயர் வளர்ச்சிப் பொருளாதார நிபுணர். டெவலப்மென்ட் எகனாமிஸ்ட்! ஏழை நாடுகள் ஏன் ஏழையாக இருக்கின்றன, எதைச் செய்தால் நிலைமை மாறும் என்று ஆராய்வது, பாடம் நடத்துவது, அரசுகளுக்கும் ஐ.நா. அமைப்புகளுக்கும் ஆலோசனை சொல்வது... இதுதான் வேலை.

இந்த வேலையில் உலகத்தைச் சுற்றிய ஒரு தமிழரைத் தெரிஞ்சுக்குவோமா?

வேலூர் பையன், பாரிஸ் ஆபீஸ்!

மால்கம் ஆதிசேஷையா. 1910-ல் வேலூரில் பிறந்தவர். அப்பா, அங்கிருக்கும் ஊரிஸ் கல்லூரியின் முதல்வர். பையன் அங்கே படித்துவிட்டு, சென்னை லயோலாவில் எகனாமிக்ஸ் சேர்ந்தார். வேலூர்க்காரர்களுக்குச் சென்னை வருகிற ரயில் பாதை அன்றைக்கும் காட்பாடி, அரக்கோணம், பெரம்பூர், பேசின் பிரிட்ஜ்தான்.

படிப்பு முடிந்ததும் 1930-களில் கல்கத்தாவில் விரிவுரையாளர் வேலை. கல்கத்தா ரயில் கூடூர் வழியாக வந்து சேருகிற இடமும் இதே பேசின் பிரிட்ஜ்தான்! மேற்கே இருந்து வரும் தண்டவாளமும் வடக்கே இருந்து வரும் தண்டவாளமும் ஒன்று கூடுகிற ஜங்ஷன் அது. அவருடைய வாழ்க்கையின் முதல் ரெண்டு பெரிய பயணங்களும் இந்த ஒரே பாயின்ட்டைத் தொட்டுத்தான் போயாக வேண்டும்.

அப்புறம் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி என்று மேல்படிப்பு. 1940-களில் தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெனீவா. போரில் நொறுங்கிப்போன நாடுகளின் மாணவர்களுக்கு உதவும் வேலை. 1948-ல் பாரிஸில் இருக்கும் யுனெஸ்கோவில் சேர்ந்தார். தொழில்நுட்ப உதவித் துறைக்குத் தலைவர், உதவி டைரக்டர் ஜெனரல் என்று படிப்படியாக ஏறி, 1963-ல் துணை டைரக்டர் ஜெனரல். அதாவது, அந்த உலக அமைப்பில் நம்பர் டூ!

'சரி பாஸ், பெரிய ஆளு. எகனாமிஸ்டுக்கு யுனெஸ்கோவில் என்ன வேலை? அது படிப்பு, கலாசாரம் சம்பந்தப்பட்டதாச்சே?'

அங்கதான் மேட்டரே இருக்கு. 1950-கள், 60-களில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நாடு நாடாக விடுதலை கிடைத்துக்கொண்டிருந்தது. புது அரசுகளிடம் கையில் காசு கம்மி. அணை கட்டலாமா, ஆலை கட்டலாமா, பள்ளிக்கூடம் கட்டலாமா? பல பேருக்கு அன்றைக்குப் படிப்பு என்பது 'தண்டச் செலவு' லிஸ்ட்டில் இருந்தது. 'இல்லை, படிப்பு செலவு கிடையாது, முதலீடு' என்று பொருளாதார பாஷையிலேயே வாதாடியவர்களில் முக்கியமானவர் ஆதிசேஷையா. 1961-ல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க நாடுகள் கூடிக் கல்விக்குத் திட்டம் போட்ட மாநாடு, யுனெஸ்கோ கூட்டிய அந்தக் காலத்து முக்கியமான மாநாடுகளில் ஒன்று. நம்ம பாம்பே ஐ.ஐ.டி. 1958-ல் தொடங்கியபோது, சோவியத் உதவி யுனெஸ்கோ வழியாகத்தான் வந்தது.

ஆக, இருபத்திரண்டு வருஷம் பாரிஸ். இத்தோடு நிறுத்தினால் இது வழக்கமான 'சாதனைத் தமிழர்' கதை. நிஜமான கதை அதற்கு அப்புறம்தான். அதைச் சொல்வதற்கு முன்னால், மறுபடியும் அந்த ரயில் ஜன்னலுக்கு வாங்க.

கால்வாய் கேட்கும் கேள்வி

ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அந்தக் கறுப்புத் தண்ணீர், ஒரு காலத்தில் சென்னைக்கு அரிசியும் உப்பும் விறகும் கொண்டுவந்த படகுப் பாதை. படகுகள் நிற்கும் துறைக்கு ஆங்கிலத்தில் 'பேசின்'. ஊர்ப் பெயரே அப்படித்தான் வந்தது. வடக்குப் பக்கம் கால்வாய் 1800-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு மட்டும் 1877-78-ல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டு, சோறு தேடிப் பட்டணத்துக்கு வந்த ஜனங்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

அந்தத் தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு சண்டை நடந்தது. நிவாரண வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு? 'ஒரு பவுண்டு தானியம், கூட ஓரணா போதும்' என்று குறைத்தார் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு! 'இதில் மனுஷன் உயிரோடு இருக்க முடியாது' என்று எதிர்த்தார் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். ஒருத்தர் கஜானாவைக் கணக்குப் போட்டார், இன்னொருத்தர் உடம்பைக் கணக்குப் போட்டார். கடைசியில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் போன உயிர்கள் போனதுதான்.

இன்னொரு விஷயம். 1877-ல் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மாதிரி அடுக்கியிருக்கும் புகைப்படம் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. பஞ்ச காலத்தில், பக்கத்திலேயே தானியம்! அப்புறம் ஏன் ஜனங்கள் செத்தார்கள்? நூறு வருஷம் கழித்து இதே மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் எழுதினார் அமர்த்தியா சென். ஒன்பது வயதில் வங்காளப் பஞ்சத்தை நேரில் பார்த்தவர். 1981-ல் வந்த புத்தகத்தில் அவர் சொன்னது சிம்பிள்: 'சோறு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. சோறு இருந்தும், அதை வாங்கும் சக்தி ஜனங்களுக்கு இல்லாமல் போவதால் வருகிறது.' அவருக்கு 1998-ல் நோபல். 2005-ல் இந்தியா கொண்டுவந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்குப் பின்னால் இருந்ததும் இந்த யோசனைதான்: இலவசமாகக் கொடுக்க வேண்டாம், வேலை கொடு, கூலி கொடு, வாங்கும் சக்தி வரட்டும்.

பார்த்தீங்களா... ஒரு கால்வாய்க்குள் ஒரு நோபல் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது!

இன்னொன்று வேணுமா? 1954-ல் ஆர்தர் லூயிஸ் என்ற கரீபியத் தீவுக்காரர் ஒரு கட்டுரை எழுதினார். கிராமத்தில் மிச்சம் கிடக்கிற உழைப்பு ஆலைகளுக்கு வந்தால் நாடு வளரும் என்றார். 1979-ல் அவருக்கும் நோபல். பேசின் பிரிட்ஜிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பி அண்டு சி மில் அதற்கு நல்ல உதாரணம். அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆனால், 1996-ல் மில்லை மூடிவிட்டார்கள். கிராமத்திலிருந்து ஆலைக்கு வந்த குடும்பம், ஆலையும் போனால் எங்கே போகும்? லோடு ஏற்றவா, ஆட்டோ ஓட்டவா, கடை வைக்கவா? தியரி முடிகிற இடத்தில் புளியந்தோப்பு ஆரம்பிக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது ஞாபகம் இருக்கா? எண்ணெயை அள்ளச் செலவழித்த பணம் நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேரும். மீனவர் வலையில் ஒட்டின கறை, பிள்ளை இழந்த பள்ளிக்கூட நாள் இதெல்லாம் எந்தக் கணக்கிலும் நேரடியாகச் சேராது. வளர்ச்சி வேறு, பொருளாதார எண்ணிக்கை வேறு என்று இதனால்தான் சொல்கிறார்கள். 1990-ல் ஐ.நா. வெளியிட ஆரம்பித்த மனித மேம்பாட்டுக் குறியீடு, வருமானத்தோடு ஆயுளையும் படிப்பையும் சேர்த்து அளக்க ஆரம்பித்ததும் இதனால்தான்.

லீவுக்கு ஊருக்குப் போன மாணவர்கள்

'இதெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க சமாசாரம். நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று ஒதுங்கப் பார்க்கிறீங்களா? நில்லுங்க. தமிழ்நாட்டில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்ததே உங்களை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்தான்!

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர். வந்த மனிதருக்கு இங்கிலாந்துப் பாடப்புத்தகத்தை ஒப்பிப்பதில் இஷ்டமில்லை. மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, 'கிராமங்களுக்குப் போங்க, ஜனங்களைக் கேளுங்க' என்றார். நிலம் யாரிடம்? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? என்ன சாப்பிடுகிறார்கள்? அந்த விவரங்கள் 1918-ல் 'தென்னிந்தியக் கிராமங்கள் சில' பற்றிய புத்தகமாகவே வந்தன.

அதில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டு. முதல் சர்வே 1916-ல். அந்த ஊருக்கு மறுபடியும் மறுபடியும் ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். 1930-களில் ஒரு முறை, 1980-களின் தொடக்கத்தில் ஒரு முறை, 2008-ல் ஒரு முறை. கிட்டத்தட்ட நூறு வருஷம்! நிலக்காரரின் பிடி எப்படித் தளர்ந்தது, கூலி ஆட்கள் எப்படி ஊருக்கு வெளியே வேலை தேடிப் போனார்கள் என்று ஒரு கிராமத்தின் வாழ்க்கையையே பின்தொடர்ந்த இந்த மாதிரித் தொடர் உலகத்திலேயே அபூர்வம். அத்தனைக்கும் அஸ்திவாரம், மாணவர்களை வைத்து எடுத்த அந்த முதல் சர்வேதான்!

இந்த ஊர்களுக்கு 1980-களில் மறுபடி போனவர்களில் எஸ். குகன் முக்கியமானவர். அவர் இருந்த இடம் அடையாறு காந்தி நகரில் இருக்கும் 'மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்'. சுருக்கமாக, 'மிட்ஸ்'. அதை ஆரம்பித்தது யார்?

யெஸ்... நம்ம வேலூர் பையன்!

ரிட்டர்ன் டிக்கெட்

1970-ல் யுனெஸ்கோவிலிருந்து ஓய்வு பெற்றபோது ஆதிசேஷையாவுக்கு வயது அறுபது. உலகத்தில் எந்த நகரத்திலும் உட்கார்ந்து ஆலோசகராகச் சம்பாதித்திருக்கலாம். அவர் சென்னைக்குத் திரும்பினார். 1971-ல் அவரும் மனைவி எலிசபெத்தும் சேர்ந்து, தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு 'மிட்ஸ்' நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டின் வறுமையை, விவசாயத்தை, படிப்பை இங்கேயே உட்கார்ந்து, இங்கேயே ஆட்களைத் தயார் செய்து ஆராய ஓர் இடம்! 1977-ல் மத்திய, மாநில அரசுகளின் ஆதரவு கிடைத்து அது தேசிய அளவிலான நிறுவனமானது. 1975 முதல் 78 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், அப்புறம் ராஜ்யசபா நியமன உறுப்பினர் என்று அவருக்குப் பொறுப்புகள் வந்துகொண்டே இருந்தன. 1994-ல் காலமானார். 1998-ல் யுனெஸ்கோ ஒரு சர்வதேச எழுத்தறிவுப் பரிசுக்கு அவருடைய பெயரையே வைத்தது.

நாம பொதுவா 'முன்னேறுறது'ன்னா என்ன நினைக்கிறோம்? பேசின் பிரிட்ஜைத் தாண்டிப் போயிடணும். முதலில் அண்ணா நகர், அப்புறம் அமெரிக்கா. திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆதிசேஷையாவின் கணக்கு வேறு. பாரிஸில் கற்றதை எல்லாம் அடையாறில் முதலீடு செய்தார். அவருக்கு வந்த லாபம் பணம் இல்லை. அவருக்குப் பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு கட்டடம்.

திரும்பி வர்றதுன்னா பெட்டி படுக்கையோடு வர வேண்டும் என்பதுகூட இல்லை. கார்த்திக் முரளிதரன், அமெரிக்காவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியர். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் கணக்கெடுத்தது அவருடைய குழு. சுமார் 19,000 குழந்தைகள்! பள்ளி திறந்த ஆறு மாசத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்கு 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். தெருத் திண்ணையில் பாடம் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர் அக்காக்களின் உழைப்பு, உலகப் பொருளாதார ஆராய்ச்சியில் ஓர் எண்ணாகப் பதிவாகிவிட்டது. இப்படி ஓர் எண் இருந்தால்தான், 'இந்தத் திட்டம் வேஸ்ட்' என்று யாராவது சொல்லும்போது பதில் சொல்ல முடியும்.

கேட்கத் தெரியணும்!

இந்த வேலையின் முதல் பாடம் ஃபார்முலா இல்லை. கேள்வி கேட்கிற விதம்.

ராயபுரத்தில் ஒரு லோடுமேன் அண்ணனிடம் போய், 'அண்ணே, மாசம் எவ்ளோ சம்பளம்?' என்று கேளுங்கள். ஏதோ ஒரு எண் வரும். அது தப்பாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. மாசச் சம்பளம் என்ற ஒன்றே அவருக்கு இல்லை! 'நேத்து வேலை இருந்துச்சாண்ணே? கைக்கு எவ்ளோ வந்துச்சு? இந்த வாரம் எத்தனை நாள் சும்மா இருந்தீங்க?' என்று கேட்டால், நிஜம் வரும். வருமானத்தைக் கேட்டால் பலர் தயங்குவார்கள் என்பதால்தான் மத்திய அரசின் தேசிய மாதிரி சர்வே ரொம்ப காலமாக 'எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?' என்பதைவிட 'எவ்வளவு செலவு பண்றீங்க?' என்பதை நம்பி வந்திருக்கிறது. காய்கறிக்குப் போன வாரத்தையும், துணிமணிக்குப் போன வருஷத்தையும் கேட்பார்கள். ஏன்னா, பத்து மாசம் முன்னாடி வாங்கின கத்திரிக்காய் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால், தீபாவளிக்கு எடுத்த புடவை ஞாபகம் இருக்கும்!

அதே மாதிரி, தெரிஞ்ச வீடு, சிரிச்சுப் பேசுற வீடு என்று பொறுக்கிப் பொறுக்கிப் போகக் கூடாது. தெருவில் ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு, பதினைந்தாவது வீடு என்று முறை வைத்துப் போக வேண்டும். கதவைச் சாத்துகிற வீட்டில்தான் பல நேரம் உங்கள் பதில் இருக்கும்.

பாக்ஸ் மேட்டர்: ரூட் எப்படி?

* பிளஸ் டூவில் மேத்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் டிகிரி படிக்கும்போதே கால்குலஸ், புள்ளியியல் ரெண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. நுழைவுத் தேர்வில் காலை வாருவது பெரும்பாலும் கணக்குதான்.

* எம்.ஏ.வுக்குச் சென்னையிலேயே சென்னைப் பல்கலைக்கழகம், கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கின்றன. வெளியே என்றால், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனம்.

* பேராசிரியர் ஆக பிஎச்.டி. வேண்டும். யு.ஜி.சி.யின் 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் படிக்கும்போதே உதவித்தொகை. பொறுமை ரொம்ப முக்கியம் பாஸ், பிஎச்.டி. முடிக்க நாலைந்து வருஷம் சாதாரணமாகப் பிடிக்கும். கூடப் படித்தவன் கார் வாங்கும்போது நீங்கள் இன்னும் கேள்வித்தாள் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

* யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. ஐ.ஏ.எஸ். கனவில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பொருளாதாரத்தில் முதுநிலைப் பட்டம் கட்டாயம்.

* களத்தில் இறங்க ஆசையா? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் மைக்கேல் கிரெமரோடு 2019-ல் நோபல் வாங்கினார்கள் இல்லையா... அவர்கள் உருவாக்கிய 'ஜே-பால்' மையத்தின் தெற்காசியப் பிரிவு 2007-ல் தொடங்கியது சென்னையில்தான். இந்த மாதிரி மையங்களில் சர்வே வேலை, ஆராய்ச்சி உதவியாளர் வேலைகள் வரும். தமிழில் சரளமாகப் பேசி, கேட்டதைச் சரியாக எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே மவுசு!

சிக்னல் விழுந்தாச்சு...

வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலோ, வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலோ படிக்கிற நண்பர்களே, உங்களுக்கு ஒரு அட்வான்டேஜ் இருக்கிறது. ஹார்வர்டில் படிக்கிறவர் விமானம் ஏறி, மொழிபெயர்ப்பாளர் வைத்து, ஆறு மாசம் பழகித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும், அதுக்காக யார் வேலைக்கு லீவ் போடுவாங்க, எந்த மழைக்கு எந்தத் தெரு முதல்ல முழுகும், மில் மூடினப்ப தாத்தா என்ன பண்ணார்... இதெல்லாம் உங்களுக்கு வெறும் வீட்டுப் பேச்சு. எழுதி வைத்தால் அதுதான் தரவு!

இந்த செமஸ்டர் லீவுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் முப்பது வீடு. வாடகை, தண்ணீர், வேலை, படிப்பு... நாலே கேள்வி. தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். 1916-ல் இருவேல்பட்டுத் தெருவில் கேள்வித்தாளோடு நடந்த மாணவருக்கும், நூறு வருஷம் கழித்து அதைப் படிப்பார்கள் என்று தெரிந்திருக்காது.

அடுத்த தடவை ரயில் பேசின் பிரிட்ஜில் நிற்கும்போது மொபைலைப் பைக்குள் வையுங்கள். ஜன்னலைப் பாருங்கள். 'ஏன்?' என்று ஒரு தடவை கேளுங்கள்.

'பி.ஏ. எகனாமிக்ஸா... வேற குரூப் கிடைக்கலையா?' என்று அப்புறமும் யாராவது கேட்டால்?

'வேற எந்த குரூப்லயும் எங்க ஏரியா சிலபஸ்ல இல்லீங்க!' என்று சொல்லுங்கள்.